தோல் கிழிந்த முறிவும் தைலப் பத்தும்

காலி வீதியின் வெள்ளவத்தைப் பகுதியிலோ கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியிலோ மோட்டார் சைக்கிள் சரிந்து ஒருவன் கால் முறிந்து கிடப்பானாயின், சூழ்ந்து கூடும் சனங்கள் அவனை முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றிய பின்னரே எங்கே கொண்டுபோவதென்று விவாதிக்கத் தொடங்குவர்; ஆஸ்பத்திரிக்குப் போனால் காலைக் கழற்றிவிடுவார்கள் என்று அவ்விடத்தில் ஒருவராவது சொல்லாதிருப்பது அபூர்வம். இந்த அச்சத்தினாலேயே தோல் கிழிந்த முறிவுகளும் முறிவு வைத்தியரின் தைலத்துக்கும் பத்துக்கும் போய்ச் சேருகின்றன. இவ்வழக்கம் ஒழியவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பரம்பரை வைத்தியத்தை இகழ்வது நமது நோக்கமன்று. தோல் கிழியாது, எலும்பு இடம்பெயராது நிற்கும் முறிவும், சிறுவரின் இளவெலும்பு பச்சைக்கொம்புபோல் வளைந்து ஒருபுறம் மட்டும் பிளக்கும் முறிவும், அசையாமற் கட்டிவைத்தாற் பெரும்பாலும் தாமே பொருந்திவிடும். வைத்தியரின் கைராசிக்குச் சேரும் புகழில் ஒரு பங்கு இயற்கைக்கும் உரியது.

முறிந்த இடத்தின்மேல் காயமிருந்தாலோ விஷயம் முற்றிலும் வேறு. எலும்பு வெளியே துருத்தி நின்றாற்றான் திறந்த முறிவு என்று பலர் எண்ணுகின்றனர். உள்ளிருந்து குத்திய எலும்புமுனை மீண்டும் உள்ளே போய்விட, சிறு துளை மாத்திரம் எஞ்சுவதுமுண்டு. 1976இல் கஸ்டிலோ, அண்டர்சன் என்னும் சத்திரவைத்தியர்கள் வகுத்த பாகுபாட்டில், ஒரு சென்றிமீற்றருக்குக் குறைந்த சுத்தமான காயமும் முதலாம் வகையாக இடம்பெற்றிருக்கின்றது. அத்துளையினூடாகத் தெருமண்ணும் கிருமியும் எலும்புவரை செல்லக்கூடும். எலும்பிற் பிடித்த சீழ் வருஷக்கணக்கிலும் ஆறாது நிற்கும். 1865இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச்சில்லு ஏறிக் கால் முறிந்த சிறுவனொருவனுடைய காயத்தில் ஜோசப் லிஸ்ரர் கார்போலிக் அமிலம் தோய்ந்த துணியை இட்டு அக்காலைக் காப்பாற்றினார். அதற்கு முன்னர் இத்தகைய முறிவுக்கு அவயவத்தை வெட்டுதலே பெரும்பாலும் சிகிச்சையாயிருந்தது. நம்மவரின் பயம் அந்தக் காலத்துக்கே பொருந்தும். இன்று, இயன்றால் முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே நுண்ணுயிர்கொல்லி மருந்தும், ஏற்பு வலித் தடுப்பூசியும் பெற்று, சத்திரசிகிச்சைக் கூடத்திற் காயம் கழுவப்பட்டு இறந்த தசையும் அகற்றப்பெற்றவனுக்குக் கால் பெரும்பாலும் நிலைக்கின்றது; பத்துப் போட்டுத் தாமதித்து வருபவனே அதை இழக்கும் அபாயத்துக்கு ஆளாகின்றான்.

ஆதலால், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் சுதேச வைத்தியர்களைப் பதிவுசெய்யும் ஆயுர்வேத மருத்துவச் சபை, தோல் கிழிந்த முறிவைத் தொடாது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புதலைப் பதிவின் நிபந்தனையாக்குதல் வேண்டும். வெள்ளவத்தைக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரியும் கொட்டாஞ்சேனைக்குத் தேசிய வைத்தியசாலையும் அண்மையிலேயே உள. அங்கே சிகிச்சை இலவசம். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான சுவசெரிய அம்புலன்ஸும் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தாற் கட்டணமின்றி வரும். அது வரும்வரையில் வாசகர்கள் செய்யவேண்டியது சொற்பம்: காயத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள், வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள், எண்ணெயோ மஞ்சளோ இடாதீர்கள், கால் கிடந்த நிலையிலேயே அதை அசையவிடாமற் காத்துக்கொள்ளுங்கள். இரக்கத்தினால் சோடா வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்; சத்திரசிகிச்சைக்காக அவனுக்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கும்.