பல்லுக்கு விலை உண்டு, பெயர் இல்லை

1784ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது: நீக்ரோக்களிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கிய வகையில் 6 பவுண்டு 2 ஷில்லிங். அவ்வளவுதான். யாருடைய பற்கள்? தரமாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்குமா? கணக்கெழுதியவருக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த ஒன்பது பற்களுக்கும் ஆளுக்கொரு வாழ்க்கையைக் கொடுத்து 2018இல் ஒரு சிறுகதை எழுதினார் பி. ஜெலி கிளார்க். ஒரு பல் கொல்லருடையது. இன்னொன்று வேற்றுலகிலிருந்து வந்து சிக்கிக்கொண்டவருடையது. மாயமும் மந்திரமும் நிறைந்த கதைதான். ஆனால் எழுதியவர் அடிமை முறையை ஆராயும் வரலாற்றுப் பேராசிரியர். ஆவணம் எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று தெரிந்தவர். சரியாக அங்கேதான் கற்பனையைத் தொடங்குகிறார்.

மாற்று வரலாறு என்றாலே 'ஹிட்லர் வென்றிருந்தால்?' என்ற கேள்விதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கிளார்க்கின் கேள்விகள் வேறு. ஒரு குறுநாவலில் ஹைட்டியின் விடுதலை அடிமைகள் புயலையே ஆயுதமாக்குகிறார்கள். 1912ஆம் ஆண்டு கெய்ரோவில் நடக்கும் நாவலில், ஜின்களின் துணையால் எகிப்து ஏற்கெனவே ஆங்கிலேயரை விரட்டிவிட்டிருக்கிறது. (அதில் குற்றவாளி யார் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம் என்பது என் குறை.)

அவருடைய உச்சம் 2020இல் வந்த 'ரிங் ஷவுட்'. 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' திரைப்படம் கு கிளக்ஸ் கிளானை வீரர்களாகக் காட்டியது. வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அதே ஆண்டு கிளான் மீண்டும் உயிர்பெற்றது. இவை நடந்தவை. கிளார்க் சேர்ப்பது ஒன்றுதான்: அந்தப் படம் ஒரு மந்திரம். பார்ப்பவர்களின் வெறுப்பைத் தின்று பேய்கள் பிறக்கின்றன. 1922இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் மரீஸ் என்ற கறுப்பினப் பெண் கையில் வாளோடு அவற்றை வேட்டையாடுகிறாள்.

நிறவெறியரைப் பேயாக்கினால் மனிதர்கள் தப்பிவிட மாட்டார்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கதையில் எவரும் பேயாகப் பிறப்பதில்லை. வெறுப்புக்கு இடம்கொடுத்த சாதாரண ஆட்கள்தான் பேயாக மாறுகிறார்கள். பொறுப்பு அவர்கள் தலையில்தான்.

கடைசியில் பேய்கள் மரீஸிடமே பேரம் பேச வருகின்றன. உன் மக்களின் கோபம் நியாயமானது, அதனால் அதன் வலிமை அதிகம், அதை எங்களுக்குக் கொடு, பழிதீர்க்கும் ஆற்றல் தருகிறோம் என்கின்றன. அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பை கிளார்க் கொஞ்சம் அவசரமாக முடித்துவிட்டார் என்று இன்னும் நினைக்கிறேன். அவ்வளவு இழந்தவள் இன்னும் சில பக்கங்கள் தடுமாறியிருக்கலாம். ஆனால் அந்தப் பேரத்தைப் படித்த இரவு, புத்தகத்தை மூடிவைத்த பிறகும் வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.