இறங்காதே, அம்மா!

சென்ற மாதம் திருவாலங்காட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இரத்தின சபையில் தரிசனம் முடித்து வந்து, சாப்பிட உட்காரும் நேரம். டெலிபோன் மணி அடித்தது. எடுத்துப் பேசிய தங்கையின் முகம் வாடிவிட்டது.

அவள் பெண் சைக்கிள் வீராங்கனை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ரயில்வே வேலை கிடைக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் கனவு. வெளியூரில் நான்கு நாள் பந்தயத்துக்குப் போயிருந்தாள். தினம் ஒரு கட்டம். நான்கு நாளும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. இரண்டு நாள் முடிந்ததில் நம் பெண் கடைசி!

"நாளைக்கு வண்டியிலே ஏற மாட்டாளாம். நீயாவது சொல்லேன், அக்கா" என்று தங்கை டெலிபோனை என்னிடம் நீட்டினாள்.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லே, பெரியம்மா. கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம் நான் மட்டும் வந்து சேர்றேன். வெட்கமா இருக்கு."

உடம்பு முடியாவிட்டால் இறங்கத்தான் வேண்டும். அதில் இழுக்கு இல்லை. ஆனால், வெட்கத்துக்காக இறங்குவதா? அல்ஃபோன்ஸினா ஸ்ட்ராடா என்ற இத்தாலியப் பெண்மணியின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

1924-ஆம் ஆண்டு. இத்தாலியைச் சுற்றிவரும் 'ஜிரோ டி இத்தாலியா' சைக்கிள் பந்தயம். 12 கட்டங்கள்; 3,600 கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்ட 90 பேரில் இவள் ஒருத்திதான் பெண். ஏழு கட்டங்களைச் சமாளித்துவிட்டாள். எட்டாவது கட்டம், லாக்விலாவிலிருந்து பெருஜியாவுக்கு. காற்றும் மழையும் சுழற்றி அடித்தன. ஹாண்டில்பார் முறிந்தது. துடைப்பத்தின் கைப்பிடிக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினாள் என்று சொல்வார்கள். பெருஜியா வந்து சேர்ந்தபோது, குறித்த நேரம் கடந்துவிட்டது. வெற்றி வரிசையிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். வேண்டுமானால் கூட ஓட்டிக்கொண்டு வரலாம் என்று மட்டும் அனுமதி தந்தார்கள்.

அப்போதே அவள் வீட்டுக்கு ரயில் ஏறியிருக்கலாம். அவள் ஏறியதோ சைக்கிளில்! கடைசிக் கட்டம் முடியும் மிலான் நகரம் வரை ஓட்டி முடித்தாள். வரிசையில் இடம் பெற்று முடித்த ஆண்கள் 30 பேர்தான்.

"முதலில் வந்தவர் என்ரிச்சி என்று ஒருவர். அவரைப் பற்றி யாராவது உன்னிடம் பேசியதுண்டா?"

"இல்லே, பெரியம்மா."

"பார்த்தாயா! நாளைக்கு, முதலில் போகிறவளைப் பார்க்காதே. முன்னால் தெரியும் ஒரு சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள். அவள் முதுகு காற்றைத் தடுக்கும். உனக்குப் பாரம் குறையும். பசிக்கும் முன்னே சாப்பிடு. தாகம் எடுக்கும் முன்னே குடி. மிச்சம் இரண்டே நாள்!"

அதற்குள் தங்கை டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தலையாலேயே நடந்து வந்த காரைக்கால் அம்மையார் ஊருடி இது! காலாலே மிதிக்கிறதுக்கு உனக்கென்ன வெட்கம்?"

நான் சொன்னதையெல்லாம்விட அந்த ஒரு வார்த்தைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான்காம் நாள் மாலை மறுபடியும் மணி அடித்தது. கடைசி இடம்தான். ஆனால் முடித்துவிட்டாள்! "அடுத்த பந்தயத்துக்கு நீங்களும் வாங்க, பெரியம்மா" என்றாள்.

போகத்தான் போகிறேன். முதலில் வருகிற பெண்ணுக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. கடைசியில் வருகிறவளுக்காகக் கூட்டம் கலைந்த பிறகும் காத்து நிற்க, வீட்டு மனிதர்கள் நாம்தானே இருக்கிறோம்?