கணிப்பொறியையும் திறந்து பார்ப்போம்

எந்த இயந்திரம் கைக்கு வந்தாலும் அதைக் கழற்றிப் பார்த்துவிடுவது கோவைக்காரர்களின் குணம். நம் சிங்காநல்லூருக்குக் கிழக்கே, கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, மறுபடி பூட்டித்தான் இயந்திரக் கல்வி கற்றார். இன்றும் நம் தெருப் பட்டறைகளில் பம்பு மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டாத நாள் உண்டா?

அன்புத் தோழியரே, கணிப்பொறி விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இத்தனை அடக்கம்? அதை இயக்கும் விண்டோஸின் உள்ளே பார்க்க நமக்கு உரிமையில்லை. தோழிக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் உரிமையில்லை. ஆகவே பல வீடுகளில் ஓடுவது திருட்டுப் பிரதிதான். பரீட்சையில் பார்த்து எழுதுவது தவறென்று சொல்லும் நாம், இதைப் பற்றி வாய் திறப்பதில்லை!

இதற்கு மாற்று உண்டு. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் கட்டற்ற மென்பொருளுக்காக அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருவை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. நம் அக்காமார்களின் வயதுதான்.

வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, சில ஆண்டுகளில் பள்ளிக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டது. நம் மாநிலத்திலும் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. அது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஆனால் அதைத் திறந்து பார்த்த அக்காமார்கள் எத்தனை பேர்? குறை மென்பொருளில் இல்லை என்பதே நம் எண்ணம். பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆளில்லாவிட்டால் தையல் இயந்திரம்கூட மூலையில்தான் கிடக்கும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அப்பாவைப் புதிது வாங்கித் தரச் சொல்வதா? 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணிப்பொறியில் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். முதலில் நம் கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிட்டால் போதும். பிடித்தால் பிறகு நிறுவிக்கொள்ளலாம். கடிதம் எழுத லிப்ரே ஆஃபீஸ் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

"வேலைக்குப் போனால் டாலிதானே கேட்பார்கள்?" என்பீர்கள். உண்மைதான், டாலிக்கு விண்டோஸ் வேண்டும். சில விளையாட்டுகளும் லினக்ஸில் ஓடா. அப்படிப்பட்டவர்கள் இரண்டையும் ஒரே கணிப்பொறியில் வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பழகிய பொத்தான் பழகிய இடத்தில் இராது.

நம் ஆய்வகத்தில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கணிப்பொறிகளில் ஒன்றை மட்டும் நமக்குத் தரும்படி தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பென் டிரைவ் நாம் கொண்டுவருகிறோம்.