விற்றவன் கையிலேயே சாவி

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேலூரோ உசிலம்பட்டியோ, ஏதோ ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மா வருவார். பைக்குள் கர்ச்சீப்பில் சுற்றிய ஒரு போன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் புதுசு வாங்கிக்கொண்டு பழசை ஊருக்குக் கொடுத்துவிட்டிருப்பான், பேரப்பிள்ளையை வீடியோவில் பார்க்கட்டும் என்று. உள்ளூர் சிம்மைப் போட்டால் ஆங்கிலத்தில் என்னவோ வந்து நிற்கிறது.

"தம்பி, போன் ரிப்பேராப்பா?"

"ரிப்பேர்லாம் இல்லம்மா, போன் நல்லாத்தான் இருக்கு. இது லாக் போனு. அந்த ஊரு கம்பெனி சிம்ம மட்டும்தான் எடுக்கும்."

"காசு குடுத்துத்தானப்பா வாங்குனான்?"

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. உலகத்தின் பெரிய பெரிய செல்போன் கம்பெனிகளிடமும் இதற்கு ஒழுங்கான பதில் இல்லை என்பதுதான் விஷயமே!

முதலில், இந்தப் பூட்டு என்றால் என்ன? ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310-இல் ஆரம்பிக்கும் சில எண்கள். அடுத்த இரண்டு மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். பூட்டிய போன் அந்த எண்ணைப் படித்துப் பார்க்கும். தன்னை விற்ற கம்பெனியின் எண் இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். அவ்வளவுதான். ஆன்டெனாவில் கோளாறு இல்லை, பேட்டரியில் கோளாறு இல்லை. வேலை செய்யக்கூடிய ஒரு பொருளை வேலை செய்யாதே என்று உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சைக்கிளை விற்றுவிட்டு, "எங்கள் தெருவில் மட்டும்தான் சக்கரம் சுற்றும்" என்று சொன்னால் திருமங்கலத்துச் சந்தையில் அவனை விட்டுவைப்பார்களா?

இதற்குக் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. "போனைப் பாதி விலைக்குக் கொடுக்கிறோம். மீதியை மாதக் கட்டணத்தில் எடுக்கிறோம். பூட்டாவிட்டால் வாங்கியவன் ஓடிவிடுவான்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி விலைக்குக் கொடுக்கும்போதே இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பாதியில் விட்டால் அபராதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடனுக்குப் பத்திரம் எழுதி வாங்கிய பிறகு வீட்டுக் கதவுக்கும் ஒரு பூட்டு எதற்கு? சரி, கடன் தீரும்வரை பூட்டு இருக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். கடன் தீர்ந்த அன்றே அது தானாகத் திறக்க வேண்டாமா? வாங்கியவர் விண்ணப்பம் போட்டு, காத்திருந்து, கெஞ்ச வேண்டுமா?

பாதி விலை என்கிற கதையும் எப்போதும் உண்மையில்லை. 2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது. ஏர்டெல்லும் வோடபோனும் விற்றன. அமெரிக்காவில் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்த 8 ஜிபி போன் இங்கே 31,000 ரூபாய். தள்ளுபடி என்று எதுவும் தெரியவில்லை, ஆனால் பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. முழு விலையும் வாங்கிக்கொண்டு பூட்டியும் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன?

"இதெல்லாம் வெளிநாட்டுப் பிரச்சினை, நம்ம ஊரில் எந்த போனிலும் எந்த சிம்மும் போடலாம்" என்பார்கள் சிலர். பெரும்பாலும் உண்மைதான். இங்கே போனை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்குவதுதான் பழக்கம். ஆனால் மறதி நமக்குக் கொஞ்சம் அதிகம். 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் என்று ஆரம்பித்தபோது கொடுத்தது சி.டி.எம்.ஏ. போன். பெரும்பாலானவற்றில் சிம் போடவே இடம் கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போனையே தூக்கிப் போட வேண்டியதுதான். 2017-இல் வந்த ஜியோபோன்? 1500 ரூபாய் டெபாசிட் கட்டி வாங்கினாலும் ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும். முதல் முறையாக செல்போனைத் தொடும் ஏழைக்குத்தான் முதலில் பூட்டு மாட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவன் இன்னொரு போன் வாங்கிவிடுவான்.

பூட்டில்லாத போனின் அருமை தமிழ்நாட்டுக்குத் தெரிந்த ஒரு மாதம் உண்டு. 2018 பிப்ரவரி. ஏர்செல் திடீரென்று செத்துப் போனது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஏர்செல் இருந்த காலம் அது. டவர் இல்லை, நம்பரை மாற்றிக்கொள்ள 1900-க்கு மெசேஜ் அனுப்பலாம் என்றால் அதற்கும் டவர் வேண்டும். கடை வாசல்களில் கூட்டம். அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு போட்டது. அவ்வளவு அவதியிலும் மக்கள் செய்ய வேண்டியிருந்தது வேறு சிம் வாங்குவது மட்டும்தான். போன் அதே போன். எல்லா போனும் ஏர்செல்லுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தால்? சிம்மோடு சேர்த்து போனும் குப்பைக்குப் போயிருக்கும். ஆட்டோ ஓட்டுபவர், பூக்கட்டி விற்பவர், கொத்தனார் என்று அத்தனை பேரும் புது போனுக்குக் காசு தேடி அலைந்திருப்பார்கள். 2011 ஜனவரி 20-இல் நாடு முழுவதும் வந்த நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதிக்கு அர்த்தம் இருப்பதே போன் பூட்டப்படாமல் இருப்பதால்தான்.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது? கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டாமல்தான் விற்க வேண்டும், பழைய போன்களையும் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டனும் ஜப்பானும் 2021-இல் பூட்டிய போன் விற்பதை நிறுத்தின. மதுரைச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் போயிருக்கும் சிங்கப்பூரிலும் இந்தப் பூட்டுக்கு அனுமதி இல்லை. அங்கெல்லாம் செல்போன் கம்பெனிகள் தெருவுக்கு வந்துவிடவில்லை. பூட்டை எடுத்தால் வியாபாரமே போய்விடும் என்கிற வாதம் அங்கேயே முடிந்துபோனது.

அமெரிக்காவில் நடந்தது தனிக் கூத்து. காப்புரிமைச் சட்டத்தின் கீழ் 2013 ஜனவரி 26 முதல், புதிதாக வாங்கிய போனைக் கம்பெனி அனுமதியில்லாமல் திறப்பது குற்றம் என்றானது. பாட்டைத் திருடாமல் இருக்கப் போட்ட சட்டம், சொந்த போனைத் திறப்பவன்மேல் பாய்ந்தது! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்ட பிறகு, 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. திறப்பது குற்றமில்லை என்றானதே தவிர, பூட்டுவது கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் அந்த அம்மாவின் போன் இன்னும் கர்ச்சீப்பிலேயே இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. முறைப்படி திறக்க வேண்டுமென்றால் விற்ற கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஊரில் கணக்கை முடித்துவிட்டு விமானம் ஏறியவனுக்கு அந்த நம்பரும் இருக்காது, அந்த நம்பருக்கு வரும் ரகசிய எண்ணும் கிடைக்காது. பிறகு முகம் தெரியாத வெப்சைட்டில் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் காசையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வந்தால் உண்டு. கம்பெனி போட்ட பூட்டினால் வாழ்வது இந்த ஏமாற்றுக்காரர்கள்தான்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து போன் கொண்டுவருபவர்கள் ஊர் கிளம்பும் முன்பே, கணக்கு உயிரோடு இருக்கும்போதே, பாக்கியைக் கட்டிவிட்டுத் திறக்கச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பூட்டு உண்டா இல்லையா என்பதையும் பார்க்கலாம். வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இன் ஐபோன் 14 முதல் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனால் இதெல்லாம் தனி மனிதன் செய்துகொள்ளும் தற்காப்பு. சரியான வழி ஒன்றுதான். இந்தியாவில் விற்கும் எந்த போனும், 500 ரூபாய் போனாக இருந்தாலும் சரி, ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று பூட்டப்படக் கூடாது என்று டிராய் விதி செய்ய வேண்டும். பழக்கத்தால் கிடைத்திருக்கும் சுதந்திரம் பழக்கம் மாறினால் போய்விடும். சட்டத்தில் எழுதியது அவ்வளவு சுலபமாகப் போகாது.

காசு கொடுத்துத்தானே வாங்கினான் என்று அந்த அம்மா கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு. ரிப்பேர் கடையில் கேட்க வேண்டிய கேள்வியல்ல அது.