ஒரு மலைக்கு எத்தனை பெயர்?

மன்னாரில் மலை இல்லை. பனையும் பெருக்க மரமும்தான் எங்கள் ஊரின் உயரங்கள். ஆனாலும் இலங்கையின் மிகப் பிரபலமான மலையொன்றின் கதை தலைமன்னார்க் கடல் வரை நீண்டு கிடக்கிறது.

2,243 மீற்றர் உயரமான அந்த மலையைப் பாடப் புத்தகத்தில் ‘சிவனொளிபாத மலை’ என்று படிக்கிறோம். சிங்கள மக்கள் ‘ஸ்ரீ பாத’ என்றும் ‘சமனல கந்த’ என்றும் சொல்கிறார்கள். உலகப் படத்தில் அது ‘அடம்ஸ் பீக்’. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ ‘பாவாத மலை’. பாவா ஆதம் மலை என்பதுதான் பேச்சில் தேய்ந்து அப்படியாகிவிட்டது.

இவற்றில் எது சரியான பெயர்? இந்தக் கேள்வி இப்போது வகுப்பறையிலும் கைபேசியிலும் சண்டையாகவே வருகிறது. எங்கள் பெயர்தான் உண்மையானது, மற்றவை பிறகு வந்து ஒட்டியவை என்று ஒவ்வொரு தரப்பும் சொல்கிறது. எங்களுக்குள்ளேயே சிலர், குர்ஆனில் அந்த மலை சொல்லப்படவில்லையே, பிறகு எதற்கு அந்தப் பெயர் என்று கேட்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உடன்பாடில்லை.

வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டிலேயே அரபுக் கடல் வணிகர்களின் குறிப்புகளில் இந்த மலை ‘அர்ரஹூன்’ என்ற பெயரில் வருகிறது. ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு அங்கே இருப்பதாக அவர்கள் எழுதி வைத்தார்கள். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னர். பாதத்தைத் தரிசிப்பதே என் விருப்பம் என்று பயணி சொன்னபோது மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரையும், இன்னும் பத்துப் பேரையும் கூட அனுப்பினார்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு முஸ்லிம் பயணி ஆதம் நபியின் பாதம் என்று நினைத்துப் போகிறார். வழிகாட்டிகளான யோகிகள் தங்கள் இறைவனின் பாதம் என்று நினைத்துப் போகிறார்கள். பாதை ஒன்று, சோறு ஒன்று. உன் பெயரை விட்டால்தான் வழிகாட்டுவேன் என்று யோகிகள் சொன்னதாக அந்தப் பயண நூலில் எங்கும் இல்லை. மலைக்கு ஏறும் இரண்டு வழிகளில் ஒன்றுக்கு ‘பாபா’ என்றும் மற்றதற்கு ‘மாமா’ என்றும் பெயர் என அவர் எழுதுகிறார். அதாவது ஆதம், ஹவ்வா வழிகள்.

பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். 1560இல் மன்னாரையும் பிடித்தார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் அது புனித தோமையாரின் சுவடு என்றார்கள். ஒரே சுவட்டில் இத்தனை பேர் தங்களுக்குரியவரைக் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் கடலிலும் இதே கதைதான். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் போகும் மணல் திட்டுகள் ஒருவருக்கு இராமர் பாலம், இன்னொருவருக்கு ஆதாம் பாலம். வலை போடும் எங்கள் ஆட்களுக்கோ அவை தீடைகள். முதலாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணிக்கொண்டு போவார்கள். அவர்கள் யாருடைய பெயரையும் அழிக்கவில்லை. தங்கள் வேலைக்கு வேண்டிய பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பெயருக்குப் பெறுமதி உண்டு. மன்னார் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் சனத்தில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது, இப்னு பதூதா இறங்கிய அதே புத்தளத்தில்தான். என் உம்மா அங்கே முகாமில் வளர்ந்தவர். திரும்பி வந்தபோது காணிகளைக் காடு மூடியிருந்ததாம். இது இன்னாரின் கிணறு, இது இன்ன மரத்தடி என்று பெரியவர்கள் பெயர் சொல்லித்தான் இடங்களை அடையாளம் கண்டார்களாம். அந்தப் பெயர்களை அவர்கள் மறந்திருந்தால் நாங்கள் எங்கே வந்து நின்றிருப்போம்?

ஆகவே பெயர் என்பது, நாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்கான சாட்சி. மற்றவர்கள் இருக்கவில்லை என்பதற்கு அதைச் சாட்சியாக்க முடியாது. பெயரைக் காணி உறுதி போல நீட்டி அடுத்தவரை வெளியேறச் சொல்பவர்கள் யாராக இருந்தாலும், வெளியேற்றப்பட்ட ஊரின் பிள்ளையாக நான் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

குர்ஆனில் இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடத்தை குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது உண்மை. அந்தச் சுவட்டை நம்புவது ஈமானின் கடமையும் அல்ல. ஆனால் ‘பாவாத மலை’ என்ற சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவை நம் மார்க்கத்தவர் அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அதை நாமே கைவிட்டால், முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் என்று சொல்பவருக்கு எதைக் காட்டப் போகிறோம்?

அன்புச் சகோதரிகளே, பரீட்சைத் தாளில் ‘சிவனொளிபாத மலை’ என்றே எழுதுவோம். சிங்களத் தோழியிடம் ‘ஸ்ரீ பாத’ என்று சொல்வோம். வீட்டில் ‘பாவாத மலை’ என்ற சொல்லையும் விடாதிருப்போம். இந்த விடுமுறையில் உங்கள் உம்மம்மாவிடம் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். ஊரின் குளம், ஒழுங்கை, தீடை, கிணறு என்று அவருக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் கேட்டு எழுதுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.