கையெழுத்து வாங்க வருபவர் யாருடைய ஆள்?

சொந்தமாக ஒரு கூரை வேண்டுமென்று ஆசைப்படாத உழைப்பாளிக் குடும்பம் வில்லாபுரத்திலும் இல்லை, அடுத்துள்ள அவனியாபுரத்திலும் இல்லை. இந்த நியாயமான ஆசைதான் வீட்டுக் கடன் கம்பெனிகளின் மூலதனம்! அதை லாபமாக்கித் தர அவை எப்படி ஆள் பிடிக்கின்றன என்பதை மக்கள் அறிய வேண்டும்.

கடன் அனுமதியானதும் ஓர் இளைஞர் பைக்கில் வருகிறார். கையில் ஒரு கட்டுக் காகிதம், பெரும்பகுதி இங்கிலீஷ். புள்ளி வைத்த இடமெல்லாம் கையெழுத்து. கூடவே நிரப்பாத காசோலைகள். பிறகு சார்பதிவாளர் அலுவலகம். அசல் பத்திரமும் தாய்ப்பத்திரமும் கம்பெனியின் பெட்டிக்குள் போய்விடுகின்றன. இருபது வருஷ உழைப்பு ஒரே பகலில் அடமானம்!

யார் இந்த இளைஞர்? பல இடங்களில் இவர் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர். படித்துவிட்டு வேலைக்கு அலைந்தவர். பைக் உண்டா, செல்போன் உண்டா, தெருவில் நாலு பேரைத் தெரியுமா — இவைதான் கேட்கப்படும் தகுதிகள். ‘முகவர்’ என்று ஒரு பட்டம். கடன் பட்டுவாடா ஆனால் கமிஷன். ஆகாவிட்டால் பெட்ரோல் காசும் கைநஷ்டம். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று நாம் சொன்னால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே நம்மை அவர் யோசிக்க விடுவதில்லை. வட்டி பின்னால் ஏறக்கூடும் என்பதையோ, இன்சூரன்ஸ் பணத்தைக் கடனோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுகிறார்கள் என்பதையோ அவர் விளக்குவதில்லை. பல சமயம் அவருக்கே அது தெரியாது!

அவர் நம் பகைவரல்ல. நம் தெருப் பிள்ளை. அவருடைய பசியைக் கேடயமாகப் பிடித்து நிற்கும் கம்பெனியைத்தான் நாம் குற்றஞ்சாட்டுகிறோம். தகராறு வந்தால், ‘அவர் எங்கள் ஊழியர் அல்ல’ என்று கைகழுவப் பார்க்கிறார்கள். இந்த வாதம் செல்லாது! வேலையை வெளியாளிடம் ஒப்படைத்தாலும், அவருடைய செயலுக்குக் கடன் கொடுத்தவரே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இது வில்லாபுரத்துக் கதை மட்டுமா? அமெரிக்காவில் வீடுகளைப் பறிக்கும் பத்திரங்களில் படித்துப் பாராமலே கையெழுத்திட்டுத் தள்ள, சிகையலங்காரக் கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் வேலை பார்த்தவர்களைப் போதிய பயிற்சியின்றி அமர்த்தினார்கள் என்பது 2010-ல் வாக்குமூலங்களில் அம்பலமாயிற்று. 2012-ல் ஐந்து பெரிய வங்கிகள் 2,500 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. முதலாளிகளின் தந்திரம் எங்கும் ஒன்றுதான்!

இங்கோ, 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி, தவணை தவறி வாராக்கடன் ஆகிவிட்டால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்காடித் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கைப்பற்ற முடியும். அப்படியானால் கையெழுத்திடும் நாள் எத்தனை முக்கியமான நாள்!

அந்த நாளில் நமக்கும் உரிமை உண்டு. 1-10-2024 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு, நமக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தந்தாக வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த வருஷாந்தர விகிதம் அதில் இருக்க வேண்டும். யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. அதில் சொல்லாத கட்டணத்தை நம் சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. கடன் முழுவதும் தீர்ந்தால் 30 நாளில் பத்திரம் திரும்ப வேண்டும். அவர்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு.

இதையெல்லாம் கமிஷன்காரர் சொல்வார் என்று காத்திருப்பது வீண். நாம் கோருகிறோம்: கையெழுத்து வாங்க வருபவர் மாதச் சம்பளமும் முறையான பயிற்சியும் பெற்ற ஊழியராக இருக்க வேண்டும்! கையெழுத்துக்கு முன் தமிழ் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும்!

வில்லாபுரத்து மக்களே! வந்த அன்றே கையெழுத்திடாதீர்கள். தமிழில் கேளுங்கள். படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்பவரை அவசரப்படுத்த முடியும். தெருவே சேர்ந்து கேட்டால் எந்தக் கம்பெனியும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!