தவ்பாவின் வாசலும் சிகிச்சையின் வாசலும்

ஒளுச் செய்து முடித்த பின்பும் அது நிறைவேறியதா என்ற ஐயத்தில் மீண்டும் மீண்டும் கைகால்களைக் கழுவும் பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. தக்பீர் சரியாகச் சொன்னோமா என்று ஒரே தொழுகையை ஐந்து முறை தொடங்குவோரும் உண்டு. குடும்பம் முதலில் இதைப் பேணுதல் என்று மெச்சுகிறது. பின்னர் ஷைத்தானின் ஊசாட்டம் என்று அஞ்சுகிறது. அதன் பின் ஓதிப் பார்க்கவும் தாயத்துக் கட்டவும் அலைகிறது. மனநல மருத்துவரின் முகவரி கடைசியாகத்தான், அதுவும் உறவினர் எவருக்கும் தெரியாமல், விசாரிக்கப்படுகிறது. இதற்குள் அப்பிள்ளையின் படிப்பும் உறக்கமும், தொழுகையின் மீதிருந்த அன்பும் கரைந்து போகின்றன.

எந்தத் துயரத்துக்கு ஆலிமிடம் செல்வது, எதற்கு மருத்துவரிடம் செல்வது? இக்கேள்வியை வெளிப்படையாக எதிர்கொண்டு, அதற்கென விதிகளையும் கல்வியையும் அமைத்துக் கொண்டவர்கள் நம் அண்டை வீட்டாரான கத்தோலிக்கர்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலிலிருந்து சாந்தோம் பேராலயம் நடந்து செல்லும் தொலைவுதான். அவர்களின் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. தவ்பாவில் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே எந்த மனிதரும் தேவையில்லை என்பது நம் ஈமான். ஆயினும் மனநோயையும் பாவத்தையும் பிரித்தறிவதில் அவர்கள் கற்ற பாடம் நமக்கும் பயன்படும்.

நுங்கம்பாக்கத்தில் 1925-இல் இயேசு சபையினர் தொடங்கிய லயோலா கல்லூரியை அறியாதவர் சென்னையில் இல்லை. அதன் பெயருக்குரிய இக்னேஷியஸ் லயோலா, ஸ்பெயின் நாட்டில் படைவீரராக இருந்து துறவு பூண்டவர். 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது அவரைக் கடுமையான ஐயநோய் பற்றியது. பாதிரியாரிடம் அறிக்கையிட்ட பாவங்களையே, முழுமையாகச் சொல்லவில்லையோ என்று திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் வரை அது அவரைத் தள்ளியது. மிகத் தெளிவாகத் தெரிந்தாலொழியப் பழைய பாவங்களைச் சொல்ல வேண்டாம் என்று பாதிரியார் அறிவுறுத்தியும் பயனில்லை. அவருக்கோ எல்லாமே தெளிவான பாவமாகத் தோன்றியது. நாம் வஸ்வாஸ் என்றும் இன்றைய மருத்துவர்கள் ஓசிடி என்றும் சொல்வதன் இயல்பு இதுவே. அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் இன்று ஆலோசனை உளவியல் ஒரு தனித்துறைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

உளவியல் சிகிச்சையைத் திருச்சபை உடனே தழுவிவிடவில்லை. நீண்ட காலம் ஐயத்துடனேயே நோக்கியது. 1953 ஏப்ரலில் உளசிகிச்சையாளர்களின் மாநாட்டினரிடம் உரையாற்றிய போப் பன்னிரண்டாம் பயஸ், அத்துறையை எச்சரிக்கையோடு வரவேற்று ஓர் எல்லையையும் வகுத்தார். காரணமற்ற, நோயுற்ற குற்றவுணர்வு உண்டு. அதை உளவியலார் ஆராயலாம். உண்மையாகவே செய்த பாவத்தின் குற்றவுணர்வும் உண்டு. அதை உளவியல் மட்டும் போக்கிவிட முடியாது. இவ்விரண்டையும் குழப்பினால் நோயாளியைப் பாவியென்று வதைப்போம், அல்லது பாவத்தை நோயென்று சொல்லித் தவ்பாவின் வாசலை அடைப்போம்.

இந்த எல்லை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்), உடலுக்கும் உள்ளத்துக்கும் தனித்தனி நோய்கள் உண்டென்று கூறி, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குரிய மருந்தைத் தனித்து ஆராய்ந்தார். உறுதியாக அறிந்த ஒன்று ஐயத்தினால் நீங்காது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வஸ்வாஸ் உடையவர் ஐயத்தைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடர வேண்டும் என்று ஃபுகஹாக்கள் கூறுவதும், மீண்டும் கழுவாமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கப் பழகுங்கள் என்று இன்றைய சிகிச்சையாளர் கூறுவதும் ஒரே திசையையே காட்டுகின்றன.

ஆனால் இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தால் கேடு விளையும். "கழுவாமல் விட்டால் என் தொழுகை கூடுமா?" என்று நோயாளி கேட்டால் சிகிச்சையாளரால் ஃபத்வா சொல்ல இயலாது. ஆலிம் "கூடும்" என்பார். மறுநாளும் அதே கேள்வி வரும். அவரும் கனிவோடு அதே பதிலைச் சொல்வார். அந்த ஆறுதலைத் தேடித் தேடிக் கேட்பதே நோயை வளர்க்கும் என்பது பயிற்சி பெற்றவருக்கே தெரியும். நோயாளியின் இசைவுடன் இவ்விருவரும் பேசிக்கொள்ளும் வழியை ஏற்படுத்துவதே நம்பிக்கையும் சிகிச்சையும் இணையும் முறை. பயானில் உளவியல் சொற்களைத் தூவுவதால் அந்த இணைப்பு உண்டாகிவிடாது.

கத்தோலிக்கரிடம் கவனிக்கத்தக்க இன்னொன்று, இரகசியம் காப்பது. பாவ அறிக்கையில் கேட்டதைப் பாதிரியார் எந்நிலையிலும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அதைவிட நுட்பமான விதியும் அதே சட்டத்தில் உண்டு: குருமாணவர் இல்லத்தின் தலைவர், அங்கே தங்கிப் பயிலும் மாணவர்கள் தாமாக விரும்பிக் கேட்டாலன்றி, அவர்களுடைய பாவ அறிக்கையைக் கேட்கலாகாது. ஒருவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உடையவரின் கையில் அவருடைய அந்தரங்கமும் இருக்கலாகாது என்பதே இதன் கருத்து.

நம் ஜமாஅத்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் பதிவேட்டை வைத்திருப்பவர்களும், தலாக் வழக்கை விசாரிப்பவர்களும், பெண்ணின் மனக்குறையைக் கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே நிர்வாகிகள்தாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். தன் மகளுக்கு வரன் தேடும் தாய், அவளுடைய மனச்சோர்வை அங்கே எப்படிச் சொல்வாள்? சபையில் பேசப்படுவது அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கத்தில், அந்த அமானிதத்தின் மீது நம்பிக்கை இழந்தே நம் பெண்கள் வாய்மூடி இருக்கிறார்கள்.

கணவரின் குறையை ஆலோசகரிடம் சொல்வது புறமாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். அபூஸுஃப்யான் (ரலி) செலவுக்குப் போதுமான அளவு தருவதில்லை என்று அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) நபியவர்களிடமே முறையிட்டார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை, வழி சொன்னார்கள். தீர்வு தேடித் தேவையான அளவு பேசுவது புறமாகாது என்பதை இமாம் நவவீ (ரஹ்) 'ரியாளுஸ் ஸாலிஹீனி'ல் விளக்கியிருக்கிறார்கள்.

ஆலோசகர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நம் பழக்கவழக்கம் அறிந்தவர் கிடைத்தால் நலமே. கிடைக்காவிட்டால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக நபியவர்கள் அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைக்கித் அப்போது முஸ்லிம் அல்லர். பாதை அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். போப் பிரான்சிஸ் தம் 42-ஆம் வயதில் யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் ஆறு மாதம் ஆலோசனை பெற்றதை 2017-இல் வெளிவந்த உரையாடல் நூலில் தாமே கூறினார். அதனால் அவருடைய நம்பிக்கை குறைந்துவிட்டதாக அவர் கருதவில்லை.

இந்த எல்லையை வகுக்காததன் விலையை நம் சமுதாயம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். ஷிஃபாவை நாடி தர்காவுக்கு அழைத்து வரப்பட்டவர்களை மருத்துவமின்றிக் கட்டிவைக்கும் வழக்கத்தின் முடிவு அது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஆனால் வெட்கம் என்னும் சங்கிலியை எந்தச் சட்டமும் அவிழ்க்காது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டார ஜமாஅத்கள் ஒன்றுகூடிச் செய்யக் கூடியவை சில உண்டு. பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வெளியே, நிர்வாகத்தின் தலையீடு இல்லாத ஓர் அறை. அங்கே தகுதி பெற்ற ஆலோசகர், பெண்களுக்குப் பெண் ஆலோசகர். வசதியற்றோரின் கட்டணத்துக்கு பைத்துல்மால் உதவி. மனநோயின் அறிகுறிகளை இனங்காணவும் உரிய இடத்துக்கு அனுப்பவும் இமாம்களுக்குச் சில நாள் பயிற்சி. உளவியல் கற்க விரும்பும் நம் பிள்ளைகளை "இது என்ன படிப்பு?" என்று தடுக்காதிருப்பதும் இதில் சேரும். அதுவரை காத்திராமல், உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றும் சிநேகா அமைப்பை நாடலாம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. அந்த மருந்தைத் தேடுவதும் தவக்குலின் ஒரு பகுதியே. துஆவுக்குக் கையேந்துவோம், அதே கையால் பிள்ளையின் கரம்பற்றி மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். உள்ளங்களை அறிந்தவனான அல்லாஹ், நோயுற்ற நம் உள்ளங்களுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.